எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: எனக்கு 42 வயது. ஒரு நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். தினமும் 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு இல்லை, விளம்பரத்தோடு பிறந்த எண் என்று சில மாதங்களுக்கு முன் படித்தேன். அந்த எண்ணை ஆண்டுக்கணக்காகத் துரத்தியவன் நான். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும், 'இதை யார் தொடங்கி வைத்தார்கள், நாம் ஏன் செய்துகொண்டிருக்கிறோம்' என்றே தோன்றுகிறது. பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதை நிறுத்திவிட்டேன். செய்தி வந்ததும் பதில் போடுவதில்லை. வேலை நேரம் என்பதே தொழிற்சாலைக் காலத்து மிச்சம் என்பதால் எனக்குத் தோன்றும் நேரத்தில் வேலை செய்கிறேன். இரவு பதினொரு மணிக்குக்கூடக் குழுவினருக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். யாருக்கும் பயன்படாத வாராந்தரக் கூட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன், ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. கண் விழித்ததும் செல்பேசியை எடுக்கும் பழக்கத்தை மட்டும் 21 நாள் முயன்றும் விட முடியவில்லை. "உங்ககூட இருக்கிறது விசாரணைக் கமிஷன்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்கிறார் மனைவி. ஒன்பது வயது மகளோ, "ஏன் பல் தேய்க்கணும், யார் சொன்னது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். கேள்வி கேட்பது தவறா? எந்த வழக்கத்தை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று எப்படி முடிவு செய்வது? சில நாட்களாகக் காலையில் எழுந்து கிளம்புவதே அர்த்தமற்றதாகத் தெரிகிறது.

பதில்: கேள்வி கேட்பது தவறில்லை. நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நடைப்பயிற்சி, வாழ்த்து, வேலை நேரம், கூட்டம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல செய்திகள் வருகின்றன. ஆனால் அவை எல்லாவற்றிடமும் நீங்கள் கேட்டிருப்பது, இதை யார் தொடங்கி வைத்தார்கள் என்ற ஒரே கேள்வியைத்தான். தொடங்கி வைத்தவரின் நோக்கம் சரியில்லை என்று தெரிந்த மாத்திரத்தில் அந்த வழக்கமே செல்லாது என்று தீர்ப்பெழுதிவிடுகிறீர்கள். ஒரு வழக்கம் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது சுவையானது, சில வேளைகளில் கண்ணைத் திறக்கவும் கூடியது. ஆயினும் அதை இன்றைக்கு விடுவதா வைத்துக்கொள்வதா என்பதற்கு அந்தக் கதையிலிருந்து விடை கிடைப்பது அரிது. நல்ல நோக்கத்தோடு பிறந்து வீணாய்ப் போன வழக்கங்களும் உண்டு, வியாபாரத்துக்காகப் பிறந்து நன்மை செய்துகொண்டிருக்கும் வழக்கங்களும் உண்டு.

உங்களை இந்தப் பாதையில் இறக்கிவிட்ட 10,000 அடிகளையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் படித்தது பெரும்பாலும் உண்மைதான். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்ததை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி மீது மக்களுக்கு ஆர்வம் பெருகியிருந்தது. அந்த வேளை பார்த்து, 1965இல் யமசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடியெண்ணிக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் 'மான்போ-கேய்' என்பதே அதற்கு இட்ட பெயர். எளிதாக நினைவில் நிற்கும் முழு எண் என்பதால் அது கருவியைவிட வேகமாக உலகமெங்கும் பரவியது. கதை இத்தோடு முடிந்திருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் அவருடைய குழுவினரும் 16,741 மூத்த பெண்களின் நடையைக் கருவி கொண்டு அளந்த ஆய்வு வெளியானது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடிகள் மட்டும் நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. அடிகள் கூடக் கூட அது மேலும் குறைந்து, 7,500 என்ற அளவை ஒட்டி ஒரே மட்டத்தில் நின்றுவிட்டது. ஆக, அந்த எண்ணுக்குத்தான் புனிதம் எதுவும் இல்லை; நடப்பதன் பயனில் குறைவில்லை. இப்போதும் நடக்கிறீர்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. எண்ணின் மீது வந்த கோபத்தில் நடையையும் நிறுத்தியிருப்பீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். நிறுத்தியிருந்தால் நாளையே தொடங்குங்கள், அந்தக் கருவி இல்லாமல்.

வேலை நேரத்தின் கதையையோ நீங்கள் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். தொழிற்சாலைக் காலம் நமக்கு விட்டுச் சென்ற மிச்சம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது வரையறை இல்லாத வேலையாகத்தான் இருக்க முடியும். பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் என்று குழந்தைகளையும் சேர்த்து ஆலைகள் உழைக்க வைத்த காலத்தில், அதற்கு எதிராக எழுந்த கோரிக்கைதான் எட்டு மணி நேரம். நாளில் எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்ற முழக்கத்தை பிரிட்டனின் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1817இல் முன்வைத்தார். 1886 மே முதல் நாளன்று அமெரிக்கத் தொழிலாளர்கள் இதற்காகவே வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த சில நாட்களில் சிகாகோவில் நடந்தவற்றில் உயிர்களும் போயின. 1919இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய முதல் உடன்படிக்கையே, தொழிற்கூடங்களில் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற எல்லையை வகுத்ததுதான். உங்களுக்கு அடிமைத்தனமாகத் தெரியும் அந்தக் கோடு, உழைப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்வதற்காக ஆலை முதலாளிகளை எதிர்த்து நின்று போட்டுக்கொண்டது.

இப்போது உங்கள் குழுவில் இருக்கும் இளையவர் ஒருவரின் இடத்திலிருந்து பாருங்கள். இரவு பதினொரு மணி. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். தலைமாட்டில் செல்பேசித் திரை ஒளிர்கிறது. உங்கள் பெயர் தெரிகிறது. 'உடனே பதில் தேவையில்லை' என்று நீங்கள் மனதுக்குள் நினைத்திருக்கலாம். அவருக்கு அது எப்படித் தெரியும்? திறந்து படித்தால் தூக்கம் போகும். படிக்காமல் விட்டாலும் என்னவாக இருக்கும் என்ற நினைப்பிலேயே தூக்கம் போகும். வந்த செய்திக்கு உடனே பதில் போடாமல் இருக்கும் உரிமையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்; அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் உங்களிடம் சம்பள உயர்வும் மதிப்பீடும் எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கு அதே உரிமை இருப்பதாகக் கருதுவது வசதியான கற்பனை. இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்துதான் பிரான்ஸ், 2017 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஐம்பது பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று சட்டமாக்கியது. இரவில்தான் உங்கள் மூளை வேலை செய்கிறது என்றால் இரவிலேயே எழுதுங்கள். காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி இப்போது ஏறக்குறைய எல்லா மின்னஞ்சல் சேவைகளிலும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் உடனடியாகத் திருத்த வேண்டியது இது ஒன்றுதான் என்பேன்.

ஆகவே, தொடங்கியவர் யார் என்று கேட்டு நின்றுவிடாமல் இன்னும் சிலவற்றையும் கேட்டுப் பாருங்கள். இந்த வழக்கம் இன்றைக்கு என்ன வேலை செய்கிறது? யாருக்காகச் செய்கிறது? நான் இதை விட்டால் அதனால் வரும் இழப்பு யார் தலையில் விழும்? கடைசிக் கேள்விதான் மற்றவற்றைவிட எடை கூடியது. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் மிகக் குறைவாகக் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுவே. இழப்பு உங்களோடு நின்றுவிடும் என்றால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உடையை இஸ்திரி போடாமல் அணிவது, விருந்துகளுக்குப் போகாமல் இருப்பது, எல்லோரும் பார்க்கும் தொடரைப் பார்க்காமல் விடுவது போன்றவற்றைச் சோதித்துப் பார்த்து, பிடித்தால் தொடரலாம். இழப்பு இன்னொருவர் மீது விழும் என்றால் அவரோடு பேசாமல் விடுவது நியாயமில்லை, உங்கள் வாதம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும்.

எல்லோரும் செய்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணமே தேவைப்படாத வழக்கங்களும் இருக்கின்றன. சாலையில் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுவது என்பதில் தத்துவம் ஏதும் கிடையாது. எல்லோரும் ஒரே பக்கத்தில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்வீடன் நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற நினைத்தபோது, 1955இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். பின்னர் பல ஆண்டுகள் திட்டமிட்டு, 1967 செப்டம்பர் 3ஆம் தேதி அதிகாலை 4.50 மணிக்குச் சாலையில் இருந்த வண்டிகளை எல்லாம் நிறுத்தி, மெதுவாக மறுபக்கம் நகர்த்தி, ஐந்து மணிக்கு மீண்டும் ஓட விட்டார்கள். அதற்கு முந்தைய நாள், வலப்பக்கமே அறிவுக்கு உகந்தது என்று ஒருவர் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தால் அவருடைய அறிவைப் பாராட்ட யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். தட்டச்சுப் பலகையில் எழுத்துகள் நிற்கும் வரிசையும், தேதியை எழுதும் முறையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றின் மீது உங்கள் கேள்விகளைச் செலவழிக்க வேண்டாம்.

பிறந்தநாள் வாழ்த்து இதைவிடச் சிக்கலானது. அது நடக்கும் விதத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். காலையில் செல்பேசி ஒரு பெயரைக் காட்டுகிறது. அந்தப் பெயருக்குக் கீழே வாழ்த்து வாசகம் ஆயத்தமாக இருக்கிறது. கட்டைவிரலால் ஒரு தட்டு, போய்விட்டது. மறுமுனையில் அதேபோன்ற பல வாழ்த்துகள் வரிசையாக வந்து விழுகின்றன. அவரும் கட்டைவிரலாலேயே ஒவ்வொன்றின் மீதும் ஓர் இதயக்குறியை வைத்துக்கொண்டு போகிறார். பிறந்தநாளை நினைவில் வைத்திருந்தது கருவி, வாசகம் எழுதியதும் கருவி. இருவரும் ஒருவரையொருவர் ஒரு நொடிகூட நினைத்துப் பார்க்காமலேயே வாழ்த்துப் பரிமாற்றம் முடிந்துவிடுகிறது. இது உள்ளீடற்ற சடங்கு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் நிறுத்தியது அந்தக் கருவித்தனத்தை மட்டுமா? அன்றைய நாளில் உங்கள் குரலை எதிர்பார்த்திருந்த ஓரிருவரையும் சேர்த்தல்லவா விட்டுவிட்டீர்கள்! வாழ்த்துகள் குவியும் ஒருவருக்கு உங்களுடையது வராததால் ஒரு குறையும் இல்லை. வயதான உறவினருக்கோ, தனித்து வாழும் பழைய நண்பருக்கோ அப்படி இல்லை. அத்தகைய சிலரின் பெயர்களை மட்டும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கு நேரில் பேசுங்கள், செய்தியாக அனுப்பாதீர்கள். மற்றவர்களைப் பொறுத்தவரை உங்கள் முடிவு சரியானதே, குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

வாராந்தரக் கூட்டத்துக்கு வருகிறேன். ஒருவரும் ஆதரிக்கவில்லை என்பதால் எல்லோருக்கும் அந்தக் கூட்டம் பிடித்திருக்கிறது என்று நீங்கள் முடிவு செய்திருக்கக்கூடும். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. தனித்தனியே பலரும் ஒன்றை விரும்பாமல் இருக்க, மற்றவர்கள் எல்லாம் விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது உளவியலில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடந்து 1993இல் வெளியான ஆய்வில், வளாகத்தில் நிலவிய குடிப்பழக்கம் குறித்துத் தங்களுக்கு இருந்த தயக்கம் மற்றவர்களுக்கு இல்லை என்று மாணவர்கள் கருதியது தெரிய வந்தது. எல்லோரும் அப்படியே கருதினால் கணக்கு எப்படிச் சரியாகும்? வழக்கம் என்று நாம் சொல்லும் பலவற்றை உயிரோடு வைத்திருப்பது இந்தப் பொய்க்கணக்குதான். இரவில் நெடுநேரம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது, யாரும் படிக்காத அறிக்கைகளைத் தயாரிப்பது, எவருக்கும் வசதியில்லாத ஆடம்பர விழாக்கள் என்று இதன் பிடியில் இருப்பவை ஏராளம்.

இந்த மௌனத்தை எப்படிக் கலைப்பது என்பதற்கு உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில் ஒரு தடயம் இருக்கிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வேலை அது. கூட இருந்தவர்கள், சோதனை நடத்துபவரோடு முன்பே பேசி வைத்துக்கொண்டு, ஒருமுகமாகத் தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் அதே தவறான விடையைச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும், இந்த இணங்கிப்போகும் போக்கு வெகுவாகக் குறைந்தது. நீங்களும் அந்த ஒருவராகத்தான் இருக்க முயன்றீர்கள். ஆனால் மேலதிகாரியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்ற அளவுக்குச் சென்று, ஆதரிப்பவர்கள் இப்போதே கையுயர்த்த வேண்டிய நிலையை உண்டாக்கிவிட்டீர்கள். அடுத்த முறை இருவரிடம் தனியாகக் கேளுங்கள்: "இந்தக் கூட்டத்தில் உங்களுக்குப் பயன்படுவது எது?" ஒழிக்கலாமா என்று கேட்க வேண்டாம். வரும் விடைகளைக் கொண்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் கூட்டத்தைப் பாதி நேரத்தில் நடத்திப் பார்ப்போம் என்று முன்மொழியுங்கள். திரும்பப் பெறக்கூடிய மாற்றத்துக்குத் தலையசைப்பது எல்லோருக்கும் எளிது. இன்னொன்றும் நடக்கலாம்: யாருக்கும் பயனில்லை என்று நீங்கள் நினைத்த கூட்டம், புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு உங்களிடம் பேசக் கிடைக்கும் ஒரே வாய்ப்பாக இருப்பது தெரிய வரலாம்.

சரியாக இருப்பதும் பிறர் காதில் ஏறும்படி சொல்வதும் வெவ்வேறு திறன்கள் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே வருத்தமான சான்று உண்டு. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களின் வழக்கத்தைக் கேள்விக்குட்படுத்தினார். குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று அவர் விதித்த பிறகு, அந்த ஏப்ரலில் 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்த தாய்மார் இறப்பு ஜூன் மாதத்தில் 2 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. இதைவிடத் தெளிவான சான்று எவருக்குக் கிடைக்கும்? ஆயினும் மருத்துவ உலகின் பெரும்பகுதி ஏற்கவில்லை. நோய்க்கிருமி பற்றிய அறிவு அப்போது வேரூன்றாததும், தங்கள் கைகளே உயிரைப் பறித்தன என்று ஒப்புக்கொள்ள மருத்துவர்களுக்கு மனம் வராததும் முதன்மையான காரணங்கள். அவரும் தம் கண்டுபிடிப்பை விரிவாக எழுதி வெளியிடப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அதன்பின் பெயர்பெற்ற மகப்பேறு மருத்துவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, அவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடினார். அந்தச் சாடலால் மனம் மாறியவர்கள் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் உயிர்போகிற பிரச்சினை எதுவும் இல்லை என்பதால் இந்தச் சான்று சற்று மிகையாகத் தோன்றலாம். ஆனால் மனைவி சொன்ன விசாரணைக் கமிஷனை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். "ஏன் இதைச் செய்கிறாய்?" என்று கேட்கும்போது நீங்கள் வழக்கத்தைப் பற்றிக் கேட்பதாக நினைக்கிறீர்கள். கேட்கும் நொடியில் அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருப்பவர் அவர் என்பதால், குற்றச்சாட்டு அவர் மீது போய் விழுகிறது. வீட்டு வழக்கங்களில் பெரும்பகுதியை ஓசையின்றி நடத்திக்கொண்டிருப்பவரும் அவராகவே இருப்பார் என்று ஊகிக்கிறேன். உறவினர்களின் நல்லது கெட்டதுகளை நினைவில் வைத்திருப்பது, யாருக்கு எதைச் சொல்லி அனுப்புவது என்று பார்ப்பது எல்லாம் யார் பொறுப்பு? நீங்கள் வாழ்த்து அனுப்புவதை நிறுத்தியபோது, "அவர் ஏன் பேசுவதே இல்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை யாருக்கு வந்து சேர்ந்தது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், அது நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் பேசாதீர்கள். "இதில் உனக்குச் சுமையாக இருப்பது எது?" என்று தொடங்கி, வரும் பட்டியலில் முதலில் இருப்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டால், கேள்வி கேட்கும் உங்கள் குணத்தால் அவருக்கும் ஒரு பயன் கிடைக்கும்.

காலையில் செல்பேசியை எடுக்கும் பழக்கத்தில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? எல்லாவற்றையும் சந்தேகிக்கும் நீங்கள் 21 நாள் என்ற எண்ணை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறீர்கள். அதுவும் உங்கள் 10,000 அடிகளின் உடன்பிறப்பே. முகச் சீரமைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் ஆவதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1960இல் அதைத் தம் நூலில் எழுதினார். பலர் வாய்ப்பட்டு வந்ததில் 'குறைந்தது' என்பது உதிர்ந்து, எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே உங்கள் மனவுறுதியைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

அதைவிட, அந்தக் காலை நேரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். அலாரம் ஒலிப்பது செல்பேசியில். அதை அணைக்கத்தான் கை போகிறது, வேறு எதற்கும் இல்லை. அணைத்ததும் திரையில் இரவு வந்த அறிவிப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்றைத் தள்ளிவிடப் போன விரல் அதைத் திறக்கிறது. அங்கிருந்து கீழே இழுக்க இழுக்க முடிவே வராத பக்கம். கண் முழுதாகத் திறப்பதற்குள் கால் மணி நேரம் போயிருக்கும். இங்கே மனதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மேசையில் வைக்கும் அலாரக் கடிகாரம் ஒன்றை வாங்கிவிட்டு, செல்பேசியை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். தொடக்கப் புள்ளியை அகற்றிவிட்டால் பழக்கம் பிடித்துக்கொள்ள இடமிருக்காது.

மகளின் கேள்விக்கு வெறும் அதட்டலைப் பதிலாகத் தராதீர்கள். பற்களின் மீது படியும் கிருமிப் படலம், நாம் உண்பதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகிறது, அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது, தேய்ப்பது படலத்தை நீக்குகிறது, பற்பசையிலுள்ள ஃபுளோரைடு பூச்சை வலுப்படுத்துகிறது என்று ஒன்பது வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சொல்லலாம். சொல்லிவிட்டு அவளிடம் இன்னும் நுட்பமான ஒரு கேள்வியைக் கொடுங்கள்: தேய்த்து முடித்ததும் தண்ணீர் விட்டு நன்றாக வாய் கொப்பளிக்கிறோமே, அது ஏன்? கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும் என்பதால், நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம் என்பதே பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை உள்ளிட்ட பலரின் அறிவுரை. பெரியவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமலே செய்யும் ஒன்றை அவள் கண்டுபிடித்துத் திருத்தியதாகட்டும். பல் தேய்ப்பதையே கேள்வி கேட்பதைவிட இந்தக் கேள்வி எவ்வளவு பலன் தருகிறது பாருங்கள். உங்கள் கேள்விகளும் இந்த அளவுக்கு இறங்கி வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய இறுதி வரி. எழுந்து கிளம்புவதே அர்த்தமற்றதாகத் தெரிகிறது என்கிறீர்கள். ஒரு வழக்கத்தை ஆராய்வதில் சுறுசுறுப்பு இருக்கும். விடை கிடைத்தால் மகிழ்ச்சி இருக்கும். அதை யாரிடமாவது சொல்லத் தோன்றும். எல்லாமே வீண் என்று தோன்றுவது அந்த ஆர்வத்தின் அடுத்த கட்டமாக இருக்க வேண்டியதில்லை. அது வேறொன்றின் அறிகுறியாக இருக்கலாம், கேள்விகள் அதற்கு முகமூடியாக இருக்கலாம். முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போது ஈடுபாடு குறைந்திருக்கிறதா, தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றனவா, காரணமின்றி அசதி இருக்கிறதா, இவை இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய தினமும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். ஆம் என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் சந்தியுங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், மனைவியிடம் சொல்லிவிட்டு இன்றே செல்லுங்கள். செல்லும்போது எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் எதெதை நிறுத்தினீர்கள் என்ற விவரத்தையும் அதன் ஓரத்தில் குறித்துக்கொண்டால், உங்களைப் பரிசோதிப்பவருக்கு உதவியாக இருக்கும்.